உபதேசியார் வீட்டுப் பாட்டுகளை நம் செலவில் பதிவு செய்வோம்

கிறிஸ்துவுக்குள் அன்பான வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆரணி வட்டாரத்துச் சபையார் அனைவருக்கும், வேலைக்காக வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் பாடல் பதிவுக் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

உபதேசியார் வீட்டுப் பாட்டுக்குழுவை நம் பக்கத்தில் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறுப்பின் பண்டிகையில் ஏலம் தொடங்குவதற்கு முன்பு பாடுகிறவர்கள் அவர்கள்தான். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் ஆர்மோனியத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதும் அவர்களே. துக்க வீட்டில் விடியவிடியப் பாடி, காலையில் அடக்கம் முடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிவிடுவார்கள். பெரியவர் ஐயா ஆர்மோனியம், மூத்த மகன் டோலக், மகளும் இரண்டு மருமகள்களும் முன்பாட்டு. பேரப்பிள்ளைகளில் ஒருவன் கீபோர்டு வாசிக்கிறான், ஒருத்தி வயலின் கற்றுக்கொண்டிருக்கிறாள். கூலி என்று அவர்கள் கேட்டதே இல்லை. கையில் திணித்தால் பஸ் செலவுக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

அந்தக் குடும்பத்தின் புதிய ஆல்பத்துக்காக இப்போது உங்களிடம் வருகிறோம். பத்துப் பாடல்கள், மூன்று தலைமுறைக் குரல்கள். ஆகும் செலவு 3,60,000 ரூபாய். அதை எப்படிச் செலவிடப் போகிறோம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். அதற்கு முன்பு, இந்தப் பாட்டுகளை ஏன் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய பிறகு, நம் கிராமங்களில் சபைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அந்தச் சபைகளில் பெரும்பாலோர் பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு இருட்டிய பிறகு ஜெபத்துக்கு வந்தவர்கள். கையில் பாட்டுப் புத்தகம் கொடுத்தாலும் வாசிக்கத் தெரியாது. கிராமத்தில் ஆராதனை நடத்திய உபதேசியார் ஒரு அடியைப் பாடுவார், சபை அதன் வால் பகுதியைப் பிடித்துத் திருப்பிப் பாடும். நம் ஊர்த் தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் செய்வதும் இதுதான். இந்த மண்ணில் ஆர்மோனியம் பிடித்தவர்கள் கூத்து மேடையைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தஞ்சாவூரில் பாடிவைத்த கீர்த்தனை நம் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது, சொல் அப்படியே இருக்க, நடை மாறிப்போனது. தாளம் இழுத்துப் பிடிக்கும், சரணத்தின் கடைசி அடியில் குரல் சட்டென்று மேலே ஏறும். திருநெல்வேலியிலிருந்து வந்து நம் சபையில் ஆராதனையில் கலந்துகொள்கிறவர்கள் முதல் சரணத்தில் தடுமாறிவிட்டு, இரண்டாம் சரணத்தில் நம்மோடு சேர்ந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த நடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். நம் பக்கத்துப் பாடும் முறை அதில் அகப்படாது. அது பாடுகிறவர்களின் தொண்டையில்தான் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் அதை முழுதாக வைத்திருப்பவர் பெரியவர் ஐயாதான் என்று நாங்கள் நம்புகிறோம். உபதேசியாரான தம் தகப்பனாரிடம் கற்றார், தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

ஐயாவுக்கு வயதாகிவிட்டது. ஒரு காலத்தில் இரண்டரைக் கட்டைச் சுதியில் பாடியவர், இப்போது ஒரு கட்டைக்கு இறக்கினால்தான் மேல் ஸ்தாயியைத் தொட முடிகிறது. வீட்டுப் பெண்களின் குரலுக்கு அந்தச் சுதி மிகவும் தாழ்வு. குடும்பமாகப் பாடும் எல்லோருக்கும் உள்ள சிக்கல் இது. ஐயா பல்லவியை எடுத்துக் கொடுக்க, சரணங்களை மகள் தம் சுதியில் பாடுவது என்று நான்கு பாடல்களுக்கு மாற்றி அமைத்துப் பயிற்சி செய்கிறார்கள். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். ஆனால் இன்னும் இரண்டு வருஷம் கழித்து இதையும் செய்ய முடியுமா என்று ஐயாவே கேட்கிறார். மூச்சு நீளம் குறைந்துவிட்டது அவருக்குத்தான் முதலில் தெரிகிறது.

பழைய பதிவுகள் இருக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். இருந்தன. கன்வென்ஷன் கூட்டங்களிலும் வீட்டு ஜெபங்களிலும் டேப் ரிக்கார்டரில் எடுத்த கேசட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அரிசி மூட்டையையும் ஆர்மோனியத்தையும் தூக்கினார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை எடுக்க நேரம் கிடைக்கவில்லை. சேறு கலந்த தண்ணீர் புகுந்தால் கேசட் நாடாவின் மேல் பூசியிருக்கும் காந்தப் பூச்சு பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கிறது. காயவைத்து ஓட்டிப் பார்த்ததில் இரண்டொன்றில் குரல் மங்கலாகக் கேட்டது, மற்றவை போய்விட்டன.

ஒரு கேசட் மட்டும் முழுதாகக் கிடைக்கிறது. ஐயா நடுவயதில் இருந்தபோது ஒரு கம்பெனி எடுத்து விற்ற கேசட் அது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நாம் எதுவும் செய்ய முடியாது. அன்றைக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஐயா தாமே எழுதி மெட்டமைத்த பாட்டுகளின் உரிமையையும் சேர்த்து எழுதி வாங்கிவிட்டார்கள். போன வருஷம் பேரன் தன் தாத்தாவின் பாட்டைப் பாடி யூடியூபில் போட்டான். உரிமை வேறொருவருடையது என்று அறிவிப்பு வந்தது. தாத்தா எழுதிய பாட்டு! பையன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இதனால்தான் குழுவாக உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தோம். இந்த ஆல்பத்துக்குப் பணம் போட வெளியிலிருந்து ஒரு நிறுவனம் முன்வந்தது. நல்ல மனதோடுதான் வந்தார்கள், ஆனால் பதிவின் முழு உரிமையும் தங்களுக்கு வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டோம். சபையின் பாட்டு சபையின் கையில் இருக்க வேண்டுமென்றால், அதற்கு ஆகும் செலவையும் சபைதான் சுமக்க வேண்டும். நாங்கள் உங்கள் வாசலுக்கு வருவதற்கு முழுக் காரணம் இதுதான்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதையும் விசாரித்தோம், ஏனென்றால் பல சபைகளில் இளைஞர்கள் குழம்பிப் போயிருக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, எழுதியவர் இறந்து 60 வருஷம் முடிந்த பாடல் எல்லோருக்கும் பொது. சாஸ்திரியார் கீர்த்தனைகளை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். உரிமை உள்ள பாட்டாக இருந்தாலும் உண்மையான வழிபாட்டின் நடுவில் அதைப் பாடுவதற்கு அதே சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. ஆராதனையில் பாட யாரும் பயப்பட வேண்டாம். அதைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவதுதான் வேறு விஷயம், அங்கேதான் அனுமதி தேவைப்படுகிறது. ஆகவே இந்த ஆல்பத்தில் ஆறு பாடல்கள் உரிமைக் காலம் முடிந்த பழைய கீர்த்தனைகள். மீதி நான்கும் குடும்பத்தார் புதிதாக எழுதியவை. இவற்றை எந்தச் சபையும் பாடலாம், பதிவு செய்து ஏற்றலாம் என்று குடும்பத்தார் எழுத்து மூலம் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த நான்கில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகள் செவிலியர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு இன்று வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கோ இருந்து நோயாளிகள் வருகிறார்கள் அல்லவா? தோட்டப்பாளையம் லாட்ஜ்களில் மாதக்கணக்கில் தங்கி, மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களை நாம் தினமும் கடந்துதான் போகிறோம். கிறிஸ்மஸ் கேரல் ரவுண்டில் இந்தக் குடும்பம் அந்த லாட்ஜ் மாடிகளுக்கும் ஏறிப் பாடும். அப்படிப் பாடப் போன ஒரு இரவில் மனதில் விழுந்த பாட்டு அது. படுக்கையில் இருப்பவருக்காக எழுதிய பாட்டுகள் நம்மிடம் நிறைய உண்டு. இது படுக்கைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவருக்கான பாட்டு. கணவரின் சிகிச்சைக்காக வந்திருந்த ஒரு வங்காளத்து அம்மா ஒரு சரணத்தைத் தம் மொழியில் சொல்லிக் கொடுக்க, அதையும் சேர்த்துப் பாடுகிறார்கள். ஒத்திகையில் கேட்ட அன்றே எங்கள் குழுவில் எல்லோரும் ஒருமனதாக, இந்தப் பாட்டு ஆல்பத்தின் முதல் பாட்டாக வர வேண்டும் என்றோம்.

இனி பணக் கணக்கு. பழைய கீர்த்தனைகள் ஆறையும் ஸ்டூடியோவில் எடுக்கப் போவதில்லை. நம் பழைய ஓட்டுக்கூரை ஆலயத்திலேயே, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாட, ஒலிப்பதிவாளர் மைக்குகளோடு வந்து இரவில் எடுப்பார். ஸ்டூடியோவில் தனித்தனி அறையில் ஹெட்போன் மாட்டிப் பாடினால் ஒருவர் பாடிய அடியை மற்றவர்கள் வாங்கித் திருப்பிப் பாடும் உயிர் போய்விடுகிறது, முயன்று பார்த்துத்தான் சொல்கிறோம். இரவு என்பது பஸ் ஹாரன் ஓயவேண்டும் என்பதற்காக. மின்விசிறிகளையும் நிறுத்த வேண்டும், அதனால் அக்னி நட்சத்திரம் கழிந்த பிறகு வைத்திருக்கிறோம். புதிய பாடல்கள் நான்கும் சென்னை ஸ்டூடியோவில். இந்த இரண்டு இடத்துப் பதிவுக்கும் சேர்த்து 95,000 ரூபாய். வயலின், புல்லாங்குழல், தபலா, மிருதங்கக் கலைஞர்களுக்கும் இசை ஒழுங்கு செய்கிறவருக்கும் 1,30,000. இதைக் குறைக்கலாமே, கீபோர்டிலேயே எல்லாச் சத்தமும் வருமே என்று குழுவிலேயே பேச்சு வந்தது. கைவிரலால் வாசிக்கிறவர்களுக்கும் வயிறு உண்டு, அவர்களில் பலர் நம் சபைப் பிள்ளைகள். அந்தத் தொகை அப்படியே இருக்கட்டும் என்று தீர்மானித்தோம். மிக்ஸிங், மாஸ்டரிங் 70,000. போக்குவரத்தும் சாப்பாடும் 25,000. பாட்டுகளை ஸ்வரக் குறிப்போடு சிறு புத்தகமாக 1,000 பிரதி அச்சிட 40,000. அந்தப் புத்தகம் கிராம சபைகளுக்கு இலவசம்.

குடும்பத்தாருக்குச் சம்பளம் என்று இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. வேண்டாம் என்று அவர்களே எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஆல்பம் அட்வெந்து முதல் ஞாயிறுக்குள் இணையத்தில் எல்லாத் தளங்களிலும் வரும். சிடி அடிக்கவில்லை, ஓட்டிக் கேட்க வீடுகளில் கருவி இல்லை. பாட்டிமார்களுக்காகப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறோம். ஆல்பத்தின் அட்டையில் "வட ஆற்காடு" என்று இருக்கும். மாவட்டம் 1989-ல் பிரிந்தது, 2019-ல் மறுபடி மூன்றானது எல்லாம் தெரியும். ஆரணிப் பக்கத்துச் சபையும் ஆம்பூர்ப் பக்கத்துச் சபையும் ஒரே நடையில் பாடுகிறபோது அந்தப் பழைய பெயர்தான் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது.

எவ்வளவு கொடுப்பது என்று தயங்க வேண்டாம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் நம் சகோதரிகள் சிலர் சம்பள நாளில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று சேர்த்து, இந்த வேண்டுகோள் எழுதும் முன்பே கொடுத்துவிட்டார்கள். முதல் ரசீது அவர்கள் பெயரில்தான் கிழித்தோம். ஒரு பாட்டின் முழுச் செலவையும் ஏற்க விரும்பும் குடும்பம் 36,000 ரூபாய் கொடுக்கலாம், மறைந்த பெற்றோர் நினைவாகக் கொடுப்பதானால் அவர்கள் பெயர் பாட்டுப் புத்தகத்தில் வரும். மற்றபடி கொடுத்தவர்கள் எல்லோர் பெயரும் தொகை போடாமல் அகர வரிசையில் அச்சாகும்.

சில விஷயங்களை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். இந்த நன்கொடைக்கு 80ஜி வரிவிலக்கு கிடையாது. வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள், ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் உட்பட, தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அது 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வருகிறது, அதற்கான பதிவு நம்மிடம் இல்லை. அவர்களின் அன்பு எங்களுக்குத் தெரியும், ஜெபத்தில் தாங்கினால் போதும்.

பணத்தைக் குழு உறுப்பினரிடம் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள், அல்லது உங்கள் சபை அறிவிப்புப் பலகையில் உள்ள கியூஆர் அட்டையில் செலுத்துங்கள். குழுவின் வங்கிக் கணக்கை மூன்று பேர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் இயக்க முடியும். வரவு செலவுப் பட்டியல் மாதக் கடைசி ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வாசிக்கப்படும், மீதம் இருந்தால் அடுத்த பதிவுக்கென்று அதே கணக்கில் நிற்கும்.

பணம் தவிர இன்னொரு உதவியும் வேண்டும். உங்கள் வீட்டுக் கல்யாணத்திலோ, கன்வென்ஷனிலோ, வீட்டு ஜெபத்திலோ ஐயா பாடியதை யாராவது கேசட்டில் பிடித்து வைத்திருந்தால், தேடிப் பாருங்கள். பரண், பீரோவின் அடித்தட்டு, பழைய டேப் ரிக்கார்டரின் உள்ளேயே கூட இருக்கலாம். கிடைத்தால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். பூஞ்சை பிடித்த நாடா ஓட்டும்போதுதான் அறுகிறது. இருக்கிறபடியே ஒரு காகித உறையில் போட்டு, வீட்டுப் பெயரும் எந்த வருஷத்து நிகழ்ச்சி என்பதும் எழுதி, உங்கள் ஆயரிடம் கொடுத்துவிடுங்கள். சென்னை ஒலிப்பதிவாளர் அதைக் கணினியில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கட்டணம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஏற்றிய பிறகு உங்கள் கேசட்டும், கூடவே ஒரு பென்டிரைவும் உங்கள் வீட்டுக்கே வந்து சேரும்.

கர்த்தரின் பணியில்,
பாடல் பதிவுக் குழுவினர், வேலூர்