'டெசிமேட்' என்றால் பத்தில் ஒன்றுதான் என்று அடம்பிடிப்பவர்களுக்கு

அன்புள்ள ஆங்கிலத் தூய்மைவாதிகளே,

வறட்சியில் கால்நடைகள் 'டெசிமேட்' (decimate) ஆயின, அதாவது பெருமளவில் அழிந்தன என்று யாராவது எழுதிவிட்டால் போதும், சிவப்புப் பேனாவோடு வந்துவிடுகிறீர்கள். லத்தீனில் 'டெசிமுஸ்' என்றால் பத்தாவது. அதனால் பத்தில் ஒன்று அழிந்தால்தான் அந்த வினைச்சொல்லைப் போடலாம், பாதிக்குமேல் செத்திருந்தால் வேறு சொல் தேடு என்கிறீர்கள்.

சரி, வேரையே பிடித்துக்கொள்வோம். ரோமானியப் படையில் ஒரு பிரிவு களத்தை விட்டு ஓடினால், ஏறத்தாழ பத்துக்கு ஒருவர் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். சீட்டு விழுந்தவனைக் கூட இருந்த வீரர்களே தடியால் அடித்துக் கொல்ல வேண்டும். தப்பியவர்களுக்குக் கோதுமை கிடையாது, பார்லிதான். படுக்கையும் பாளையத்துக்கு வெளியே, காவல் இல்லாத இடத்தில். இதையெல்லாம் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் விவரமாக எழுதிவைத்திருக்கிறார். ஸ்பார்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை அடக்கப் போன ரோமானியத் தளபதி கிராஸுஸ், களத்தை விட்டு ஓடிவந்த தன் வீரர்கள் 500 பேரை 50 குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஒருவரைக் கொன்றார் என்கிறார் இன்னொரு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்.

வேர்ப்பொருள்தான் வேண்டுமென்றால் இத்தனையும் வேண்டுமே! வறட்சிக்கு யார் சீட்டுக் குலுக்கினார்கள்? தடியையும் பார்லியையும் தாராளமாக விட்டுக்கொடுத்துவிட்டு, பத்து என்ற எண்ணை மட்டும் ஏன் இறுகப் பிடித்துக்கொள்கிறீர்கள்?

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் ஒரே இடத்தில் நின்றதில்லை. 1655இல் இங்கிலாந்தை ஆண்ட குரோம்வெல், உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற நிலக்கிழார்களின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்டார். அதற்கும் 'டெசிமேஷன்' என்றுதான் பெயர், யார் தலையும் உருளவில்லை. பேரழிவு என்ற பொருளும் அதே நூற்றாண்டில் வந்துவிட்டது. டிசம்பரைப் பாருங்கள், அதன் பெயரிலும் இதே லத்தீன் பத்துதான். மார்ச்சில் தொடங்கிய பழைய ரோமானிய ஆண்டில் அது பத்தாவது மாதம், இப்போது பன்னிரண்டாவது. காலண்டரை நீங்கள் திருத்தியதாகத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் கட்சி நான். '60 சதவீதம் டெசிமேட் ஆனது' என்று படித்தால் எனக்கும் பல் கூசுகிறது. உள்ளே ஒரு எண் ஒளிந்திருக்கும் சொல்லின் தலையில் இன்னொரு எண்ணை ஏற்றுவானேன்? 'முழுவதும் டெசிமேட்' என்பதும் அப்படித்தான், யாராவது மிஞ்சினால்தானே அந்தச் சொல்லுக்கே வேலை. இவற்றை அடியுங்கள், கேட்க மாட்டேன். வறட்சியில் செத்த மாடுகளைப் பற்றிய வாக்கியத்தை மட்டும் எழுதியவர் எழுதியபடியே போக விடுங்கள்.

இப்படிக்கு,
அகராதி புரட்டும் ஒரு வாசகன்