வயிற்று ஸ்கேனில் தசையும் இருக்கிறது, அறிக்கையில்தான் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரின் நலிவை ஸ்கேன் எடுத்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற செய்தி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. அதில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லாமல் விட்டால், முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் ‘நலிவு ஸ்கேன்’ என்று ஒரு வரி சேரும், கட்டணமும் ஏறும். அதனால்தான் ஸ்கேன் பிரிவிலும் இயன்முறை மருத்துவத்திலும் வேலை பார்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

மருத்துவர்கள் ‘ஃப்ரெயில்டி’ என்று சொல்லும் முதுமை நலிவை வயதை வைத்து முடிவு செய்வதில்லை. 2001-ல் அமெரிக்காவில் லிண்டா ஃப்ரீட் குழுவினர் வகுத்த ஐந்து அடையாளங்களே இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன: முயற்சி எதுவும் செய்யாமலே ஓராண்டில் சுமார் நாலரை கிலோ எடை குறைவது, எந்நேரமும் அசதி, கைப்பிடி வலு குறைவது, நடை தளர்வது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் நலிவு, ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவின் வாசல். இவற்றில் ஒன்றைக்கூட ஸ்கேன் நேரடியாகக் காட்டாது. அது காட்டுவது இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் தசையையும் எலும்பையும்தான்.

அதை எப்படிப் பார்ப்பது? சி.டி. படத்தில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில், அதன் இரு பக்கவாட்டு முனைகளும் முழுசாகத் தெரிகிற ஒரு குறுக்குவெட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் வெள்ளையாக எலும்பு, அதன் இருபுறமும் கொழுக்கட்டை போல இரண்டு சோவாஸ் தசைகள், பின்னால் முதுகை நிமிர்த்தும் தசைகள், சுற்றிலும் பெல்ட் கட்டியது போல வயிற்றுச் சுவர்த் தசைகள். நல்ல தசை ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். நலிந்த உடலில் கொழுக்கட்டை சுண்டியிருக்கும், முதுகுத் தசைக்குள் கறுப்புக் கோடுகள் ஓடும். அந்தக் கறுப்புதான் கொழுப்பு. எடைபோடும் கருவியில் இது தெரியாது. தசை போன இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் எடை அப்படியே நிற்கும், ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று வீட்டிலும் சொல்லிவிடுவார்கள்.

சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் எண்ணாகச் சொல்வது ஹவுன்ஸ்ஃபீல்டு அளவை. அதில் தண்ணீர் 0, காற்று −1000. −29 முதல் +150 வரையுள்ள புள்ளிகளைத் தசை என்று கணினி எண்ணி, சதுர செ.மீ.யில் பரப்பைச் சொல்லும். அதை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தசைக் குறியீடு கிடைக்கும். தசைப் பகுதியின் சராசரி எண் தசையின் தரத்தைச் சொல்லும்: கான்ட்ராஸ்ட் (உறுப்புகள் பளிச்சென்று தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) இல்லாத படத்தில் 30-க்குக் கீழே இறங்கினால் தசைக்குள் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று பொருள்.

கேட்பதற்கு எளிது, தவறுவதும் அவ்வளவு எளிது. முதல் தவறு எண்ணிக்கையில். சிலருக்கு இடுப்பு முள்ளெலும்புகள் ஐந்துக்குப் பதில் நான்கோ ஆறோ போலத் தெரியும். மேலே கடைசி விலாவிலிருந்தும், கீழே திருவெலும்பிலிருந்தும் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்காவிட்டால் வேறு எலும்பின் மட்டத்தை அளந்துவிடுவோம். இரண்டாவது, குடலுக்குள் இருக்கும் நீரும் மலமும் அதே எண் வரம்புக்குள்தான் வரும். மென்பொருள் அதையும் தசையில் சேர்த்திருக்கிறதா என்று வண்ணம் தீட்டிய படத்தை ஒருவர் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். மூன்றாவது நீர்க்கோவை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோயால் உடலில் நீர் கோத்திருந்தால் அந்த நீரும் தசைக் கணக்கில் ஏறி, மெலிந்தவரை வலுவானவராகக் காட்டிவிடும். கான்ட்ராஸ்ட் போட்டால் தசையின் எண் கூடும். அதனால் கான்ட்ராஸ்ட் போட்ட படத்தையும் போடாத படத்தையும் ஒப்பிட்டு ‘தசை தேறியிருக்கிறது’ என்று சொல்லக் கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது உயரம். ஒருவரின் தசைப் பரப்பு 100 சதுர செ.மீ. என்று வையுங்கள். இளமையில் 160 செ.மீ. உயரம் இருந்தவருக்குக் குறியீடு 39. அவரே இப்போது கூன் விழுந்து 152 செ.மீ. ஆகிவிட்டால், தசை ஒரு சதுர செ.மீ.கூடக் கூடாமலே குறியீடு 43 ஆகிவிடும். உடம்பு தளரத் தளர மதிப்பெண் ஏறுகிற விசித்திரம் இது. கூன் உள்ளவர்களுக்குக் கைகளை விரித்து அளந்த நீளத்தையோ முழங்கால் உயரத்தையோ கொண்டு உயரத்தைக் கணக்கிடுவதே சரி.

தசைக் குறியீடு எதற்குக் கீழே போனால் குறைவு என்ற எல்லைக்கோட்டிலும் வம்பு இருக்கிறது. ஆண்களுக்கு 52.4, பெண்களுக்கு 38.5 என்று பல மென்பொருள்களில் ஏற்றியிருக்கும் எண்கள் 2008-ல் கனடாவில், உடல் பருமனுள்ள புற்றுநோயாளிகளிடமிருந்து வந்தவை. அதை அப்படியே நம் ஊர்ப் பெரியவர்கள் மேல் வைத்தால் நன்றாக நடமாடுகிறவர்களும் நோயாளிப் பட்டியலில் ஏறுவார்கள்.

இதற்கென்று புதிதாக ஒரு சி.டி. எடுக்கவே வேண்டாம். வயிற்று சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். உலகச் சராசரியில் ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டில் வாங்குவதே 2.4 தான். சிறுநீரகக் கல், குடல் கட்டி, அறுவைக்கு முந்தைய பரிசோதனை என்று ஏற்கெனவே எடுத்துவைத்த படங்களில் தசை வீணாகக் கிடக்கிறது. அதைப் படித்தால் போதும், கூடுதல் கதிர்வீச்சும் இல்லை, கூடுதல் செலவும் பெரிதாக இல்லை. அதே படத்தில் முதல் இடுப்பு முள்ளெலும்பின் உள்பகுதியில், ஓரத்துக் கெட்டி எலும்பைத் தொடாமல் ஒரு வட்டம் போட்டால் எலும்பின் நிலையும் தெரியும்: எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டாக வைத்து எடுத்த படத்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் 160-க்கு மேல் என்றால் எலும்புத் தேய்மானத்துக்கு வாய்ப்பு குறைவு, 110-க்குக் கீழே என்றால் பலத்த சந்தேகம். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனைக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிக்க இதுவே போதும்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லையே, கையோடு கொண்டுபோய்த் தொடைத் தசையை அளக்கலாமே என்று கேட்கலாம். மருத்துவமனைக்குள் அளக்கலாம். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, கருவியைத் தோலில் அழுத்தாமல் பிடிக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலே தசை நசுங்கி மில்லிமீட்டர்கள் குறைந்துவிடும். ஆனால் வீடு வீடாக அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கருவியும் பதிவும் கட்டுப்பாடும் உடையது. அந்தக் கட்டுப்பாடு இருப்பதும் நியாயமே.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு அளவு நாடாவும், நொடி காட்டும் கைக்கடிகாரமும், ஒரு நாற்காலியும் போதும். முதுமைத் தசை இழப்புக்கு ஆசியாவுக்கென 2019-ல் திருத்திய வரையறைப்படி கெண்டைக்காலின் பருத்த இடத்துச் சுற்றளவு ஆணுக்கு 34 செ.மீ.க்கும் பெண்ணுக்கு 33 செ.மீ.க்கும் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும் (கால் வீங்கியிருந்தால் இந்த அளவு செல்லாது). கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழ 12 நொடியோ அதற்கு மேலோ ஆவது, வழக்கமான நடையில் 6 மீட்டர் கடக்க 6 நொடிக்கு மேல் ஆவது, கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைவது (இதற்கு மட்டும் தனிக் கருவி வேண்டும்) ஆகியவையும் அதே வரையறையில் வருபவை. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுப் படியேறுகிறவர்கள், நாற்காலிச் சோதனையையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு நிமிடம்தான் கூடும்.

ஸ்கேனில் தசை குறைவு என்று தெரிந்தவரை இந்தச் சோதனைகளுக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் நலிவு என்ற பேச்சே. அதன்பின் மருந்துச் சீட்டை ஒருமுறை அலசி, தூக்க மாத்திரை போலத் தள்ளாட்டம் தருபவற்றைக் குறைப்பது, எடைதூக்கும் பயிற்சி, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினசரிப் புரதம். 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், இரண்டு இட்லியும் ரசம் சாதமுமாக நாளை ஓட்டுகிறவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்பது புரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. பெரிய அறுவைக்குக் காத்திருக்கிறவர் என்றால் இடையில் கிடைக்கும் இரண்டு மூன்று வாரம்கூட வீண் போகாது. மயக்க மருத்துவர் கையில் இந்தத் தகவல் அதற்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, 65 வயதைக் கடந்தவர்களின் வயிற்று சி.டி. அறிக்கையின் கடைசியில் இப்படி ஓர் அடி சேர்க்கும்படி அரசு, தனியார் ஸ்கேன் மையங்களை சுகாதாரத் துறை கேட்டுக்கொள்ள வேண்டும்: ‘மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசைப் பரப்பு இவ்வளவு, சராசரி அடர்த்தி இவ்வளவு, முதல் இடுப்பு முள்ளெலும்பு அடர்த்தி இவ்வளவு, கான்ட்ராஸ்ட் உண்டு அல்லது இல்லை, கிலோவோல்ட் இவ்வளவு, நீர்க்கோவை உண்டு அல்லது இல்லை. நடை, கைப்பிடிச் சோதனைகள் செய்து பார்க்கவும்.’

இப்படிக்கு,
கதிரியக்கப் படப்பிரிவு மற்றும் இயன்முறை மருத்துவப் பணியாளர்கள் சிலர்