அந்த மலை அச்சைத் திருப்பித் தர மாட்டேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை என்பதுதான் என் பதில். நீங்கள் கேட்டபடி, வெளுத்துப்போன பழைய மலைப் புகைப்பட அச்சைத் திருப்பி அனுப்ப மாட்டேன், கிழிக்கவும் மாட்டேன். நீங்கள் அனுப்பிய புதிய பிரிண்டை அதற்கு ஈடாக வைத்துக்கொள்ளவும் மாட்டேன். பதில் வரத் தாமதமானதற்கு மன்னியுங்கள். உங்களிடம் முடியாது என்று சொல்வது எனக்கு எப்போதும் கடினம், அது உங்களுக்கே தெரியும்.

இதைத் தனியாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவது உங்களுக்கு வலிக்கும். அதற்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால், “வெளுத்ததைக் கிழித்துவிடு, புதிதாக ஒன்று தருகிறேன்” என்று எனக்குச் சொன்னதையே உங்கள் சயனோடைப் (இரும்பு உப்பு பூசிய காகிதத்தை வெயிலில் வைத்து எடுக்கும் நீலப் புகைப்பட அச்சு) வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களில் சிலர் கிழிக்கத் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் கையை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. யார் பெயரும் இங்கே வராது. விலை பற்றி நமக்குள் நடந்த பேச்சும் வராது, அது நம் இருவரோடு இருக்கட்டும்.

அச்சு செத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சாகவில்லை அக்கா. சுவரிலிருந்து இறக்கி, ஃப்ரேமிலிருந்து பிரித்து, இருட்டான அட்டைப்பெட்டியில் வைத்தேன். சில வாரங்களில் மலையடிவார நிழல்கள் பழைய ஆழத்துக்கு வந்துவிட்டன. நீர்ப்பரப்பின் நடுத்தர நீலங்கள் மெதுவாகத் திரும்புகின்றன. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சயனோடைப்பின் நிறமான பிரஷ்யன் நீலத்தில் வெளிச்சம் படப்பட, அதிலுள்ள ஃபெரிக் இரும்பில் ஒரு பகுதி ஃபெரஸ் இரும்பாக மாறுகிறது. அப்படி மாறிய பகுதிக்கு நிறம் கிடையாது. இருட்டில் காற்று படும்படி வைத்தால் ஆக்சிஜன் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது, நீலமும் கூடவே வருகிறது. அதனால்தான் காற்றுப் புகாமல் அடைத்த ஃப்ரேம் இந்த அச்சுக்கு ஆகாது. வேறு பல பொருள்களைக் காப்பாற்றும் ஆக்சிஜன் இல்லாத உறை, சயனோடைப்பை இன்னும் வேகமாக வெளுக்க வைக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் இந்த நீலத்தை வெளுக்கச் செய்யும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இடது கீழ் மூலையில் மஞ்சளாக ஓடியிருக்கும் பட்டை திரும்பி வராது. ஃப்ரேம் போட்டுக் கொடுத்தவர் அமிலத்துக்கு எதிரான காரப்பொருளாகிய கால்சியம் கார்பனேட் சேர்த்த மவுண்ட் போர்டை, அதாவது படத்தைத் தாங்கும் அட்டையை, வைத்திருக்கிறார். ‘அமிலமற்றது’ என்று அட்டையின் மேலேயே அச்சிட்டிருந்தது. வெள்ளி உப்பால் உருவாகும் சாதாரண கறுப்பு வெள்ளை அச்சுகளுக்கு அப்படிப்பட்ட அட்டை நல்லது என்பார்கள். சயனோடைப்புக்கு அது விஷம். காரம் பட்டால் பிரஷ்யன் நீலம் சிதைந்து, பழுப்பு மஞ்சளான இரும்பு ஹைட்ராக்சைடாகி அங்கேயே நின்றுவிடும். வெளிச்சத்தால் போன நீலம் இருட்டில் வரும், காரத்தால் போனது போனதுதான். ஆகவே கிழிப்பதற்கு முன்னால் எது எதனால் போயிருக்கிறது என்று பாருங்கள். படம் முழுவதும், குறிப்பாக மெல்லிய சாயைகள், வெளிறியிருந்தால் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். அட்டை தொட்ட ஓரத்தில் மட்டும் மஞ்சள் ஓடியிருந்தால் அட்டையைச் சந்தேகியுங்கள். பழைய காகிதங்களின் அமிலத்தைப் போக்க விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் தயவுசெய்து இதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அதுவும் காரம்தான்.

இனி உங்கள் புதிய பிரிண்ட். நன்றாக இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், முழு மனதோடு சொல்கிறேன். வெள்ளைகள் சுத்தமாக இருக்கின்றன, பூச்சு சீராக இருக்கிறது, காகிதமும் காரம் சேர்க்காத பருத்திக் காகிதம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பை (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியை) வைத்து வானத்தைப் பார்த்தால் இங்க்ஜெட் புள்ளிகள் தெரிகின்றன. பிரிண்டரின் தலை நகர்ந்த திசையிலேயே ஒன்றுக்கொன்று இணையாக மெல்லிய கோடுகளும் ஓடுகின்றன. நெகட்டிவில் மிக அடர்த்தியான இடம் வானம், அச்சில் மிக மெல்லிய சாயை வருவதும் அங்கேதான். டிஜிட்டல் நெகட்டிவின், அதாவது கணினியிலிருந்து இங்க்ஜெட் பிரிண்டரில் ஒளி புகும் தாளில் அச்சிட்ட நெகட்டிவின், கதையை வானம்தான் சொல்லும். மலையின் இருட்டுப் பகுதியில் எவ்வளவு தேடினாலும் எதுவும் தெரியாது. பழையதில் அதே வானத்தில் ஃபிலிமின் ஒழுங்கற்ற துகள்கள்தான் இருக்கின்றன, காகிதத்தின் நார்களுக்குள் கரைந்துபோய்.

அப்புறம் அந்த வெள்ளைப் புள்ளி. மலை உச்சிக்கு வலப்பக்கம், ஃபிலிமில் ஒட்டிக் காய்ந்த தூசி வெளிச்சத்தை மறைத்ததால் விழுந்தது. அந்த நெகட்டிவிலிருந்து வந்த ஒவ்வொரு தாளிலும் அது அதே இடத்தில் இருக்கும். கண்ணாடியில் கிடக்கும் தூசி ஒரு அச்சோடு போய்விடும், நெகட்டிவில் ஒட்டியது எல்லா அச்சிலும் வரும். சேகரிப்பவர்கள் ஒரு தாளின் பிறப்பை அறிய இதைவிட நம்பகமான அடையாளம் அதிகம் இல்லை. புதியதில் அந்தப் புள்ளி இல்லை. ஸ்கேன் செய்தபோது துடைத்துவிட்டீர்கள்.

அந்தத் தாள் பிறந்ததைப் பார்த்தவன் நான். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 100 மில்லி நீருக்கு 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 100 மில்லிக்கு 10 கிராம், இரண்டையும் சம அளவில் அப்போதுதான் கலந்திருந்தீர்கள். கலந்ததை மறுநாளைக்கு வைத்தால் வெள்ளையிலும் நீலம் ஏறும் என்று மீதியைக் கொட்டிவிட்டீர்கள். உலோகப் பூண் போட்ட தூரிகையை நீட்டினேன். இரும்பு பட்டால் நீலப் பொட்டு விழும் என்று தள்ளிவைத்துவிட்டு, மூங்கில் பிடி போட்ட அகலத் தூரிகையால் பூசினீர்கள், முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே. இருட்டில் காய்ந்ததும் 8×10 அங்குல ஃபிலிமை அதன்மேல் வைத்து, பின்பலகை இரண்டாகத் திறக்கும் ஃப்ரேமில் இறுக்கி வெயிலில் வைத்தோம். பாதிப் பலகையைத் திறந்து பார்த்தபோது மலையடிவாரம் நீலத்தைத் தாண்டிச் சாம்பலாகி, வெண்கல மினுமினுப்புக்கு வந்திருந்தது. எனக்குப் படம் கருகிவிட்டதாகவே தோன்றியது. “கழுவும்போது பாதி போகும், வானம் நிற்கணும்னா அடிவாரம் இப்படித்தான் ஆகணும்” என்று சொல்லிவிட்டுப் பலகையை மறுபடி மூடினீர்கள்.

முதல் ட்ரேயில் நீரோடு கொஞ்சம் சிட்ரிக் அமிலம். மஞ்சள் கரைந்து ஓடியது, மலை எழுந்து வந்தது, வானம் வந்தது, வானத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கரும்பட்டையும் வந்தது. இரண்டு தூரிகை வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூச்சு தடித்திருந்த இடம். மூலையைப் பிடித்துத் தூக்கினீர்கள். “வானத்துக்குத் தையல் போட்ட மாதிரி இருக்கு, போடு குப்பையில” என்றீர்கள். எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். பிறகு ஒரு மூடி ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிய நீரில் முக்கினீர்கள். நாளைக்குள் தானாகவே வந்துவிடும் ஆழம்தான் அது, பெராக்சைடு அதை உடனே கொண்டுவந்தது, அவ்வளவே. அந்த நிமிடத்தில் தாள் இருண்டதைப் பார்த்து நீங்களும் பேசவில்லை. காய்ந்த பிறகு பின்பக்கம் மென்மையான பென்சிலால் 3/10 என்று, அதாவது பத்துத் தாள் கொண்ட எடிஷனில் மூன்றாவது என்று, எழுதி, தேதி போட்டுக் கொடுத்தீர்கள்.

புதியதிலும் 3/10 என்றே எழுதியிருக்கிறது.

எப்படி மனம் வந்தது அக்கா? பத்தோடு இந்த எடிஷன் முடிந்தது என்று எங்கள் எல்லோரிடமும் சொன்னவர் நீங்கள். எண் தாளைச் சேர்ந்ததில்லை, வைத்திருப்பவரைச் சேர்ந்தது, பழையது அழிந்தால் எண் புதியதற்குப் போகலாம் என்று விளக்கம் எழுதியிருந்தீர்கள். பல முறை படித்தேன். ஏற்க முடியவில்லை. அந்த விளக்கத்தை மனதுக்குள் எவ்வளவு நியாயப்படுத்திப் பார்த்தாலும், பழைய தாளைக் கிழித்தால்தான் அது நிற்கிறது. ஏமாற்றுவது உங்கள் எண்ணம் இல்லை என்று இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்வேன், உறுதியாகவே சொல்வேன். வெளுத்த படம் உங்கள் பெயரோடு யார் வீட்டுச் சுவரிலும் தொங்கக் கூடாது என்ற ரோஷம்தான் உங்களை இதைச் செய்ய வைத்தது. அந்த ரோஷத்தால்தான் உங்கள் அச்சுகளை நான் சேர்க்கவே தொடங்கினேன். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு இனி ஏற முடியாது, ஷீட் ஃபிலிம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று நீங்கள் சொன்னபோது மனசு கனத்தது. டிஜிட்டல் நெகட்டிவுக்கு மாறியதில் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. எந்தச் சாயை எவ்வளவு அடர்த்தியாக விழ வேண்டும் என்று கணினியில் நல்ல வளைவுக் கோடு அமைத்து, வெளிர் முதல் கருமை வரை படிப்படியாக இருளும் படிநிலை அளவுத் தாளை வைத்துச் சரிபார்த்துச் செய்த டிஜிட்டல் நெகட்டிவ், வானத்தையும் நிழலையும் ஒரே தாளில் ஃபிலிமைவிட எளிதாகப் பிடிக்கும். சாதாரண வெள்ளிக் காகிதத்துக்கென்று கழுவிய ஃபிலிம் இந்த முறைக்குப் பெரும்பாலும் போதிய அடர்த்தி இல்லாமல் தட்டையாக விழும். அதனால்தான் நீங்கள் உங்கள் ஃபிலிமை வேண்டுமென்றே அதிக நேரம் டெவலப் செய்வீர்கள். புதிய முறையில் புதிய மலைகளை அச்சிடுங்கள், முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். பழைய மலையின் எண்ணை மட்டும் அதற்குப் போடாதீர்கள்.

நிலக்காட்சியை நீலத்தில் அச்சிடுவதையே காட்டுமிராண்டித்தனம் என்றார் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் பீட்டர் ஹென்றி எமர்சன், 1889-இல். அதற்கு நீங்கள் எப்போதும் காட்டும் பதில் ஹென்றி பாஸ். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையில் வரைவாளராக இருந்துகொண்டு, 1883 முதல் 1891 வரை மிசிசிப்பி ஆற்றைப் பெரிய கண்ணாடி நெகட்டிவ்களில் எடுத்து, முட்டை வடிவில் சயனோடைப்பாக அச்சிட்டவர். தண்ணீரும் மூடுபனியும் பாலமும் நீலத்திலேயே பிறந்தவை போலிருக்கும். அந்தப் படங்கள் ஆல்பங்களாகக் கட்டப்பட்டவை, சுவரில் தொங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மூடிய ஆல்பத்துக்குள் இருக்கும் இருட்டு இந்த அச்சுக்கு என்ன செய்யும் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதே நீங்கள் ஏன் சில மாத இருட்டைக்கூட உங்கள் சொந்தத் தாள்களுக்குக் கொடுக்காமல் கிழிக்கச் சொல்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் இப்படியே செய்யலாம். பழைய அட்டையை எடுத்துவிட்டேன். இனி கார இருப்பு இல்லாத, தூய பருத்தி மவுண்ட் போர்டுதான். அட்டை வாங்கும்போது ‘அமிலமற்றது’ என்று இருந்தால் மட்டும் போதாது, ‘பஃபர் செய்யாதது’, அதாவது காரம் சேர்க்காதது, என்று தெளிவாக இருக்க வேண்டும். தாளை முழுவதும் ஒட்டாமல், மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகிதக் கீல் இரண்டு, கோதுமை மாவுச்சத்துப் பசையில். தாள்களுக்கு நடுவே பஃபர் செய்யாத மெல்லிய காகிதம். பெட்டி இறுக மூடாத அட்டைப்பெட்டி, ஈரம் ஏறாத அலமாரியில். வெளியே வைத்தால் வெளிச்சத்தின் அளவு 50 லக்ஸுக்கு மேல் இல்லை, நேர் வெயில் படாத சுவர், சில மாதங்களுக்குப் பிறகு மறுபடி பெட்டிக்குள். அந்த மஞ்சள் மூலையை யாரும் சாயம் தீட்டிச் சரிசெய்யக் கூடாது. மூலை மஞ்சளாகவே இருக்கும், தையலும் இருக்கும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எங்களுக்கு அனுப்பிய புதிய தாள்களின் பின்பக்கத்தில் அந்த எண்ணை அழித்துவிட்டு, பென்சிலால் நாலு விவரம் எழுதுங்கள்: மூல நெகட்டிவ் எடுத்த வருடம், ஸ்கேன் செய்த டிஜிட்டல் நெகட்டிவிலிருந்து அச்சிட்டது என்ற குறிப்பு, இந்தத் தாளை அச்சிட்ட தேதி, காகிதத்தின் பெயர். வேண்டுமானால் இரண்டாம் எடிஷன் என்று தொடங்கி 1-லிருந்து எண் போடுங்கள். இவ்வளவும் இருந்தால் அது பழையதற்குத் துணையாக நிற்கும் இன்னொரு நல்ல அச்சு.

எனக்கு வந்ததை இரண்டு கெட்டியான அட்டைகளுக்கு நடுவே வைத்து நாளை அனுப்புகிறேன். இந்த விவரங்களை எழுதித் திருப்பி அனுப்பினால், பரிசாக வேண்டாம், முழு விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி