சித்தப்பாவுக்கு, புது பாண்ட் விஷயமாக

அன்புள்ள சித்தப்பா,

ஜனவரியிலிருந்து காமிக்ஸ் பார்சல் உங்கள் வீட்டுக்கு வராது. வரும் ஆண்டுச் சந்தாவை என் பெயரில், திருப்பூர் முகவரிக்குக் கட்டிவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவீர்கள். அப்புறம் நான் ஒரு வாரம் தூங்கமாட்டேன்.

தமிழில் வந்த புது ஜேம்ஸ் பாண்ட் காமிக்ஸுக்காக ஈரோடு புத்தகத் திருவிழாவில் நமக்குள் நடந்த சண்டையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. அன்று அந்த டீக்கடையில் நின்றவர்களில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். மீதிப் பேருக்கு அவர்களே சொல்லிவிடுவார்கள். சித்தியும் படிப்பார். அதனால் கடைசியாக நீங்கள் என்னைச் சொன்ன அந்த வார்த்தை நம் இருவருக்குள்ளேயே இருக்கட்டும். நான் சொன்னதுதான் எல்லோருக்கும் கேட்டுவிட்டதே: "பாண்டுக்கு வயதாகவில்லை சித்தப்பா, உங்களுக்குத்தான் ஆகிவிட்டது." அத்தனை பேர் நடுவில் சொல்லியிருக்க வேண்டாம். அதற்காக வருந்துகிறேன். சொன்னது பொய் என்று எழுதத்தான் கை வரவில்லை.

புத்தகம் வந்த வாரம் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தது ஒன்றும் அதிசயமில்லை. ரத்தம் அதிகம் என்றார்கள். பேனாவுக்குள் வெடிகுண்டு இல்லை, இவன் முகம் சினிமாவில் பார்த்த எந்த பாண்டுக்கும் பொருந்தவில்லை என்றார்கள். வழக்கம்போல, பழைய காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை இழுத்து "மாயாவி மாதிரி வருமா" என்றும் ஒரு குரல் கேட்டது. இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. முகம் பொருந்தாததற்குக் காரணம் உண்டு. எழுதிய வாரன் எல்லிஸும் வரைந்த ஜேசன் மாஸ்டர்ஸும் 2015இல் இந்தத் தொடரைத் தொடங்கியபோது, சினிமாக்காரர்களை விட்டுவிட்டு இயான் ஃப்ளெமிங்கின் நாவல்களில் வருகிறவனைத் தேடிப் போனார்கள். கல்நெஞ்சுக்காரன், அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் கொலைகாரன். அப்படிப்பட்டவனைப் பிடிக்காமல் போவது நியாயம்தான். மாயாவியைச் சொன்னவருக்கு ஒன்று மட்டும்: 1962இல் ஆங்கில வார இதழில் அறிமுகமானபோது மாயாவியும் வில்லனாகத்தான் அலைந்தார், நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் ஏஜெண்ட் ஆனதெல்லாம் பிறகு.

ஆனால் நீங்கள் சொன்னது வேறு. "பக்கம் பக்கமாக ஒரு வசனம் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு வெறும் படத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பிடிக்கிறது என்கிறவனுக்குக் காமிக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது."

மற்ற எவர் சொல்லியிருந்தாலும் கடந்து போயிருப்பேன்.

சாத்தூர் வீட்டு மொட்டைமாடி. நீங்கள் கல்லூரி முடித்துச் சும்மா இருந்த காலம். எனக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. ராணி காமிக்ஸ் புதிதாக வரத் தொடங்கியிருந்தது. பஸ் நிலையக் கடையில் வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு மாடிக்கு வருவீர்கள், தாத்தா பார்த்துவிடக் கூடாதென்று. எனக்குப் படித்துக் காட்டச் சொல்லி அழுவேன். நீங்கள் படித்துக் காட்டியதே இல்லை. பேச்சுக் குமிழின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துவிட்டு, "இவன் என்ன நினைக்கிறான், சொல்" என்பீர்கள். நான் எதையாவது உளறுவேன். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று அடுத்த கேள்வி வரும். ஒரு படத்தில் பாண்ட் கதவருகே நிற்கிறான், பாதி முகம் இருட்டு. "பயப்படுகிறான்" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துவிட்டு, "ஆமாம், பயப்படுகிறான். ஆனால் வசனத்தில் அப்படி இல்லை" என்று விரலை எடுத்தீர்கள். அங்கே அவன் ஏதோ வீறாப்பாகப் பேசிக்கொண்டிருந்தானாம். "வசனம் பொய் சொல்லும்டா. படத்தைப் பார்." பெண்கள் வரும் பக்கங்களில் உங்கள் உள்ளங்கை முழுவதும் இறங்கும், ஏற்கெனவே அச்சில் மை பூசி ரவிக்கை போட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள், அது போதாதென்று நீங்கள் வேறு. வெயில் ஏற ஏறத் தண்ணீர்த் தொட்டியின் நிழலோடு நகர்ந்து நகர்ந்து உட்காருவோம். அம்மா சாப்பிடக் கூப்பிடுவதைக் கேட்காதது போல இருப்பதற்கும் நீங்கள்தான் பழக்கினீர்கள்.

அந்த இருட்டு முகத்தை வரைந்தவர் ஹொராக் என்று தெரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸில் வந்த பாண்ட் படத்தொடரை, முன்பு வரைந்துகொண்டிருந்த மெக்லஸ்கியிடமிருந்து 1966இல் வாங்கிக்கொண்டவர். அது நாளுக்கு ஒரு வரிசை வந்த நாளிதழ்த் தொடர். நேற்று என்ன நடந்தது என்று வாசகனுக்கு இன்று நினைவூட்டியாக வேண்டும், நாளைக்கும் அவனை இழுத்தாக வேண்டும். அந்த நெருக்கடியில்தான் கட்டத்துக்குக் கட்டம் பேசினார்கள். புதியவர்கள் மாத இதழுக்காக வரைகிறவர்கள். ஒரே மூச்சில் இருபது பக்கத்துக்குக் குறையாமல் கையில் இருக்கிறது. ஹெல்சின்கியில் பாண்ட் ஒருவனைத் துரத்துகிறான். செத்துப்போன சக உளவாளி 008க்காகத் துரத்துகிறான் என்பதை வாய் திறந்து சொல்லவே இல்லை, கடைசியில்தான் தெரிகிறது. யாரும் விரல் வைத்து மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத பக்கங்கள். முதல் முறை புரட்டியபோது உங்களிடம் காட்ட வேண்டும் என்றுதான் துடித்தேன். பார்சல் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், எனக்கு முன்பே நீங்கள் படித்திருப்பீர்கள் என்பதுகூட அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

நீங்கள் படித்திருந்தீர்கள். படித்துவிட்டு அதைச் சொன்னீர்கள்.

அந்த மாதங்களில் உங்கள் உடம்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். அதைக் கணக்கில் வைத்துத்தான் முதல் இரண்டு முறையும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்றாவது முறையும் நீங்கள் ஆள் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தால் நான் என்ன செய்வது?

இரத்தப் படலம் காமிக்ஸ் தொடரில் நினைவிழந்த நாயகன் தன் சொந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதற்காக எண்பதுகளிலிருந்து வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர் நீங்கள். நடுவில் இதழே நின்று போனபோதும் காத்திருந்தீர்கள். 2010இல் மொத்தமும் ஒரே குண்டுப் புத்தகமாக வந்தபோது முதல் ஆளாகப் பணம் அனுப்பினீர்கள். அவனுக்குக் கொடுத்த பொறுமையில் பத்தில் ஒரு பங்கு இவனுக்குக் கிடையாதா? ஆறே அத்தியாயம்தானே சித்தப்பா!

துப்பாக்கி விஷயமும் அப்படித்தான். உளவாளிகள் பிரிட்டனுக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று இந்தக் கதையில் ஒரு விதி வருகிறது. உள்நாட்டுப் பிரிவுக்கும் வெளிநாட்டுப் பிரிவுக்கும் இடையே உள்ள பொறாமை. "துப்பாக்கி இல்லாத பாண்டா, வெட்கக்கேடு" என்றீர்கள். ஆயுள் முழுவதும் அரசாங்கக் கோப்பு பார்த்தவர் நீங்கள். பக்கத்து மேஜைக்காரன் கையெழுத்துப் போடாததால் உலகமே நின்றுபோன கதைகளை எனக்குச் சொல்லிச் சிரிக்க வைத்தவர். முழுப் புத்தகத்திலும் உங்களுக்கென்றே எழுதியது போல இருந்தது அந்த விதிதான். அங்கேயும் நீங்கள் சிரிக்கவில்லை.

உங்களுக்கு வேண்டியது பாண்ட் இல்லை, சாத்தூர் மாடி என்று நினைக்கிறேன். அது எனக்கும்தான் வேண்டும். ஆனால் அது கிடைக்காத கோபத்தை எல்லிஸ் மேலும் மாஸ்டர்ஸ் மேலும் காட்டிவிட்டு, அவர்களைப் பிடித்த குற்றத்துக்காக என்னையும் சேர்த்து வாங்கினால் எப்படி? விரல் வைத்து மறைத்தது யார்? எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றால் அது யார் சொல்லிக்கொடுத்த பார்வை?

இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்தான். எழுதியதை அழிக்கப்போவதும் இல்லை.

நடைமுறைக்கு வருகிறேன். உங்களுக்கும் தனியாகச் சந்தா வேண்டுமென்றால் சொல்லுங்கள், கட்டிவிடுகிறேன். பணம் அனுப்ப வேண்டாம். நான் கட்டுவது பாண்டும் வருகிற சந்தாவாகத்தான் இருக்கும், அதை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். பழைய ராணி காமிக்ஸ் பெட்டி உங்களிடமே இருக்கட்டும். ஆனால் மாயாவி மறுபதிப்பு மூன்று புத்தகங்கள் நான் வாங்கியவை. மூன்றின் முதல் பக்கத்திலும் உங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று சித்தி சொன்னார். எழுதினாலும் அவை என்னுடையவைதான். பொங்கலுக்கு சித்தி இங்கே வரும்போது கொடுத்து அனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் சரி.

உங்கள் அண்ணன் மகன்