கோயிலடி வேம்பும் பெயர் சொல்லாமல் போன ஐயாவும்

எல்லாருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துக் கோயிலடி வேம்பு நிற்கிறது. நேற்றுப் பின்னேரம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

பெருங்காற்று அடித்த பிறகு, மரம் விழுந்துவிடுமோ, தறிப்பதா விடுவதா என்று நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல மனம் வரவில்லை. பிள்ளைகள் நடக்கிற வழி, தறித்துவிடுவோம் என்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

முதல் நன்றி யாருக்கோ, அவரின் பெயர் எனக்குத் தெரியாது. வாள் மெசின் கொண்டுவந்த பொடியன்களோடு சைக்கிளில் வந்தவர். எழுபது வயது இருக்கும். மெசினை இழுத்து முடுக்கப் போன பொடியனை, "பொறு தம்பி" என்று மறித்தார். கோடரியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தால் அடிமரத்தை ஒருக்காத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஒரு சாண் தள்ளி இன்னொரு தட்டு. இப்படியே மரத்தை முழுக்கச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் வெறும் பானையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது; எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மற்ற இடமெல்லாம் கனத்த சத்தம்.

"இந்தப் பக்கம் மட்டுந்தான் பிள்ளை பொக்கு. மற்றதெல்லாம் வைரம். மேல்பாரத்தைக் குறைச்சா நிக்கும்."

அத்தனை பேர் கூடி நின்று கதைத்தோம். மரத்திடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கொப்புகளை வெட்டுவித்த விதத்தையும் சொல்ல வேண்டும். முதலில் அடியில் சிறிய வெட்டு, பிறகு கொஞ்சம் தள்ளி மேலிருந்து வெட்டு. பாரம் விழுந்த பிறகுதான் அடிக்கட்டையைக் கழுத்தோடு அறுத்தார்கள். மேலிருந்தே ஒரேயடியாக அறுத்தால், விழுகிற கொப்பு அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகுமாம். வெட்டுவாய்க்குத் தார் பூசுவோமா என்று கேட்டேன். "வேண்டாம். ஈரம் உள்ளுக்கை நிண்டு உக்கும். அது தன்ர வாயைத் தானே மூடும்."

கூலியை நீட்டினேன். வாங்கவில்லை. விழுந்த கொப்பில் ஒரு பிடி குழை முறித்துச் சைக்கிள் கரியரில் வைத்தார். "பேரனுக்குக் கொப்புளிப்பான். எனக்கு இது காணும், பிள்ளை." பெயரைக் கேட்க எனக்கு நா எழவில்லை.

கயிறு பிடித்த மாணவர்கள், விடிய விடியத் தேத்தண்ணி தந்த கடைக்கார அக்கா, குப்பை கூட்டிய தொழிலாளர்கள், லண்டனிலும் கனடாவிலும் இருந்து நித்திரை முழித்து அழைத்த பழைய மாணவர்கள், உங்கள் எல்லாருக்கும் கைகூப்புகிறேன்.

1921 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கிய வளவு இது. 1974 இல் யாழ்ப்பாண வளாகமானது. 1979 இல் தனிப் பல்கலைக்கழகம். வேம்பு எப்போது முளைத்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. 1995 இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை, வாசலில் நின்ற மாவும் இல்லை. வளாகத்துக்குள் போய் இந்த மரத்தைக் கண்ட பிறகுதான் ஊருக்கு வந்துவிட்டேன் என்று நம்பினேன். நாலு முழம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்குள் வேரை விட்டுப் பிடித்துக்கொண்டு நிற்கிற மரம்.

வேப்பங்கொட்டை நாள்பட்டால் முளைக்காது. அடுத்த பழக்காலத்தில் விழுகிற பழங்களை விழ விழப் பொறுக்கிப் பைகளில் ஊன்றப் போகிறேன். கன்றுகளை ஊரெல்லாம் கொடுப்பேன். முதல் கன்று அந்த ஐயாவின் வாசலுக்கு. அவரைத் தெரிந்தவர்கள் இதை வாசித்துக் காட்டுங்கோ.

ஐயா, பேரனுக்குத் தண்ணி வார்த்தாச்சோ?