முகம் மட்டும் போதாது, வாலும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் நடுப்பக்கத்தில் விலங்குக் குட்டிகளின் படங்களைப் பார்த்து உருகிப்போனேன். நாய்க்குட்டி, பூனைக்குட்டி, அணில், கங்காருக் குட்டி என்று ஒன்றைவிட ஒன்று கொள்ளை அழகு. ஆனால், ஒரு படத்தில்கூட வால் இல்லை! முகத்தை நெருங்கிப் பிடித்து, வாலைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அணிலிடமிருந்து வாலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? சற்றே திகைத்துப்போன ஓர் எலி.

'தலை இருக்க வால் ஆடலாமா' என்று சொல்லிச் சொல்லியே வாலை இளக்காரமாக நினைக்கப் பழகிவிட்டோம். ஆட வேண்டியது வால்தான் ஐயா! அணிலையே பாருங்கள். கிளைக்குக் கிளை தாவும்போது அதைச் சாயாமல் காப்பது வால். குளிரில் அதுவே போர்வை. தென் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துத் தரை அணில், கொளுத்தும் வெயிலில் வாலை முதுகுக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு மேய்கிறது. கலிஃபோர்னியத் தரை அணிலோ கிலுகிலுப்பைப் பாம்பைக் கண்டால் வாலில் இரத்தம் பாய்ச்சிச் சூடேற்றி ஆட்டுகிறது. வெப்பத்தை உணரும் அந்தப் பாம்பு தயங்கிப் பின்வாங்குகிறது. வெப்பம் உணராத வேறு பாம்பு வந்தால் வெறுமனே ஆட்டுவதோடு சரி, சூடேற்றுவதில்லை. கிலுகிலுப்பைப் பாம்பும் வாலை ஆட்டித்தான் மிரட்டும் என்பதால், இது வாலுக்கு வால் நடக்கிற வாக்குவாதம்.

கங்காரு மெல்ல நடக்கும்போது வாலும் ஒரு கால். முன்கால்களும் பின்கால்களும் சேர்ந்து தருகிற உந்துவிசைக்கு ஈடாக அந்த ஒற்றை வால் தள்ளுகிறது என்று 2014-இல் அளந்தே சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மடகாஸ்கர் தீவின் வளையவால் லெமூர், குரங்குக்கு உறவான ஒரு விலங்கு. ஆண் லெமூர்களுக்குள் சண்டை வந்தால், மணிக்கட்டுச் சுரப்பியின் வாடையை வாலில் தடவி, எதிராளியின் முகத்துக்கு நேரே விசிறும். யார் முதலில் மூக்கைத் திருப்பிக்கொண்டு நகர்கிறாரோ அவர் தோற்றவர். கடியும் கீறலும் இல்லாமல் முடிகிற பஞ்சாயத்து.

தாயின் வயிற்றில் நான்காவது வார வாக்கில் நமக்கும் வால் முளைக்கிறது. எட்டாவது வாரத்துக்குள் மறைந்து, வால் எலும்பு மட்டும் மிஞ்சுகிறது. பொய்யாகச் சிரிக்கக் கற்றுக்கொண்ட இனத்துக்கு அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். தனக்கு வேண்டியவரைக் கண்டால் நாயின் வால் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்து ஆடுகிறது. மிரட்டலான அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம். மற்ற நாய்களும் இந்த வேறுபாட்டைக் கவனிக்கின்றன.

அப்படிப் பேசுகிற வாலை, அழகு என்ற பெயரில் குட்டியிலேயே நறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல நாடுகள் இதைத் தடை செய்திருந்தும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. முகம்தான் அழகு, வால் உபரி என்ற எண்ணம்தானே அந்தக் கத்திக்குத் துணை போகிறது? உங்கள் படப்பக்கத்தைக் குழந்தைகளும் ஆவலோடு பார்க்கிறார்கள்.

ஆகவே, அடுத்த முறை படம் எடுப்பவரை இரண்டடி பின்னால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அந்த அணிலின் முழுப் படம் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து மறுபடி வெளியிடுங்கள். வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்ட இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி