உருட்டிப் பார், பிள்ளை

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் கதைத்தது மனதை விட்டுப் போகவில்லை. அவுஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தில் அந்த மாட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போய் மூன்று கிழமைதான் ஆகிறது. சுற்றிவரப் புல், எல்லாம் ஒரே வைக்கோல் நிறம், பூவும் இல்லை கதிரும் இல்லை, எதைப் பார்த்து என்ன பெயர் எழுதுவது என்று கேட்டாய். குரல் தளர்ந்திருந்தது. பிள்ளை, அங்கே நீ மிதித்து நடக்கும் புல்லில் பல உனக்குச் சின்ன வயதிலேயே பழக்கமானவை. பெயர்தான் வேறு.

முதலில் தண்டைப் பிடி. இலை ஏமாற்றிவிடும். எனக்கு ஒன்பது வயதிருக்கும், மட்டக்களப்பில் கன்றுக்குப் புல் அறுத்து வரச் சொன்னார் உன் அப்பப்பா. வாய்க்கால் ஓரத்தில் பச்சைப் பசேலென்று நின்றதை ஒரு சாக்கு நிறைய அறுத்து வந்தேன். கன்று முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பா ஏசவில்லை. ஒரு தண்டை எடுத்து என் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, "உருட்டு" என்றார். உருளவில்லை. மூன்று விளிம்பும் விரலில் தட்டின. நான் அறுத்து வந்தது அவ்வளவும் கோரை.

புல்லின் தண்டு உருளும், கணு இருக்கும், பெரும்பாலும் கணுவுக்குக் கணு உள்ளே வெறுமையாக இருக்கும். கோரையின் தண்டில் கணு தட்டுப்படாது, உள்ளே பஞ்சு போல நிறைந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் புல்லின் இலைகள் இரண்டு பக்கமாகப் பிரியும், கோரையில் மூன்று பக்கமாகப் பிரியும். தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையை நகத்தால் நெம்பிப் பார். புல்லில் அது பெரும்பாலும் வேட்டி சுற்றியதுபோலப் பிரிந்து வரும். கோரையில் குழாயாக மூடியிருக்கும், கிழித்தால்தான் வரும். சில கோரைகளும் உருளும், ஆகவே உருட்டியதோடு நிறுத்தாமல் கணுவையும் தேடு. ரஷ் என்று அங்கே சொல்வார்களே, புல்போன்ற ஒரு செடி, அதுவும் உருளும், ஆனால் கணு தெரியாது.

தொல்காப்பியம் வெளியே வைரம் பாய்ந்ததை, அதாவது தண்டின் கெட்டியான பகுதி வெளியே இருப்பதை, புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரித்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் பனையும் புல்தான். இன்றைய தாவரவியல் பனையைத் தனிக் குடும்பத்தில் வைத்தாலும் மூங்கிலைப் புல் குடும்பத்திலேயே வைத்திருக்கிறது. வெட்டிப் பார்த்து, வைரம் எங்கே என்று தேடி வகுத்தவர்களின் கணக்கு அது.

சரி, உன் மேய்ச்சல் தரைக்கு வருகிறேன். அங்கே கூச் என்பது நம் அறுகு. தரையோடு ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும், கதிர் வந்தால் ஒரே இடத்திலிருந்து விரல்கள்போல நாலைந்து பிரியும். பிள்ளையாருக்கு நீ எத்தனை தரம் கிள்ளி வந்திருக்கிறாய். நட்கிராஸ் என்பது கோரைக்கிழங்கு. தோண்டினால் கறுத்த சிறு கிழங்குகள் சங்கிலியாக வரும், முகர்ந்தால் வாசம் இருக்கும். பிளேடி கிராஸ், சிங்களத்தில் இலுக் என்கிறார்களே, அதுதான். இலையின் வெள்ளை நடுநரம்பு நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக விலகி ஓடும். காய்ந்த இலையிலும் இது தெரியும். மண்ணுக்குள் இருக்கும் அதன் தண்டு நுனி ஊசிபோல் கூர், கையைப் பார்த்துக்கொள்.

ஸ்பியர்கிராஸ் ஊசிப்புல். இளசாக இருக்கும்போது மாடு தின்னும். முற்றினால் அதன் விதை தோலுக்குள் ஏறும். விதையின் வால் முறுக்கிய கயிறுபோல இருக்கும். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் திரும்ப முறுக்கிக்கொள்ளும், அப்படியே விதையை மண்ணுக்குள் துளைத்து இறக்கிவிடும். ஒரு விதையைத் தண்ணீரில் நனைத்து உள்ளங்கையில் வைத்துப் பார், சுழல்வது தெரியும்.

இன்று விடிய எழும்பி ரயில் பாதையோரம் நடந்தேன், உனக்காகத்தான். கடல் பக்கம் ஆளுயரம் நிற்கும் கினிப்புல்லை ஒடித்துப் பார்த்தேன். அதன் கதிரில் அடிக் கிளைகள் மட்டும் ஒரே வட்டமாகப் பிரியும். ஆபிரிக்காவிலிருந்து வந்தது, உன் பக்கமும் நிறைய இருக்கும். படிக்கட்டு வெடிப்பில் குரக்கனின், கேழ்வரகு என்பார்களே அதன், தங்கைபோல ஒரு புல் நின்றது. தண்டு தட்டை, அடி வெள்ளை, பிடுங்க ஒரு கை போதாது.

கதிர் இல்லாத புல்லுக்கு இன்னொரு வழி, இலையும் உறையும் சேரும் மூட்டு. இலையை மெல்லப் பின்னால் வளைத்தால் அங்கே நாக்குப்போல ஒரு சின்னத் தோல் நிற்கும். சில புல்லில் அது தோலாக இருக்கும், சிலதில் மயிர் வரிசையாக இருக்கும். நெல்லுக்கு அது நீளம், நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். வயலில் நெல்லைப் போலவே வளரும் குதிரைவாலி இனத்துக் களைக்கு நாக்கே கிடையாது. நம் ஆட்கள் கதிர் வருமுன் அதைக் கண்டு பிடுங்குவது இதை வைத்துத்தான். ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எப்போதும் சட்டைப் பையில் வைத்திரு.

நுனியை மட்டும் கிள்ளி வராதே, வேரோடு எடு. பழைய பேப்பருக்குள் விரித்து வைத்து, இடம், நாள், மண் மூன்றையும் அப்போதே எழுது. பழைய கதிர்க் காம்பு ஏதாவது அடியில் கிடந்தால் அதையும் சேர்த்து வை.

நேற்று அனுப்பிய படத்தில் தூரத்துப் புல்வெளிதான் தெரிகிறது. அடுத்த தரம் ஒரே ஒரு தண்டை, கணுவும் மூட்டும் தெரிய, கிட்டே எடுத்து அனுப்பு. நான் இங்கே பூதக்கண்ணாடியோடு இருக்கிறேன். வெயிலுக்குத் தொப்பி வாங்கினாயா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அப்பா